தண்ணி எங்கே போகுது?

டீ கொஞ்சம் ஆறட்டும், அதற்குள் சொல்லிவிடலாம். வளையமாதேவியிலிருந்து நெய்வேலிக்கும் சேத்தியாத்தோப்புக்கும் வாடகை வண்டி ஓட்டும் தம்பிகள் இப்படித்தான் கேட்பார்கள்: "அண்ணே, நம்ம ஊரு வெயிலுக்கு தெர்மோஸ்டாட் எதுக்கு? கழட்டிப் போட்டுட்டா வண்டி ஹீட்டே ஆகாதுல்ல?"

ஆகும். ஏன் என்று பார்ப்போம்.

மே மாதத்து 40 டிகிரி நமக்குத்தான் வெயில். இன்ஜினுக்கு அது குளிர். அது ஒழுங்காக வேலை செய்ய 90 டிகிரி அளவில் சூடு வேண்டும். தெர்மோஸ்டாட்டுக்குள் மெழுகு அடைத்த சின்ன உலோகக் குப்பி ஒன்று இருக்கிறது. இன்ஜின் ஆறியிருக்கும்போது வால்வு மூடியே கிடக்கும். தண்ணீர் இன்ஜினுக்குள்ளேயே சுற்றிச் சீக்கிரம் சூடேறும். 82 டிகிரியிலோ 88 டிகிரியிலோ (வண்டிக்கு வண்டி மாறும்) மெழுகு உருகிப் பருத்து வால்வைத் தள்ளித் திறக்கும். அதற்குப் பிறகுதான் தண்ணீர் ரேடியேட்டருக்குப் போகும்.

இதைக் கழற்றிவிட்டால் இன்ஜின் சூடேற நெடுநேரம் ஆகும். வண்டியின் கம்ப்யூட்டர் 'இன்னும் குளிராக இருக்கிறது' என்று நினைத்து டீசலோ பெட்ரோலோ கூடுதலாக ஊற்றும். மைலேஜ் போகும், ஆயிலில் சேரும் ஈரம் வெளியேறாமல் சேறு கட்டும். சில இன்ஜின்களில் தெர்மோஸ்டாட் திறக்கும்போதே உள்சுற்றுப் பாதையை அடைக்கும். அது இல்லாவிட்டால் பாதித் தண்ணீர் ரேடியேட்டர் பக்கமே போகாமல் திரும்பிவிடும். பாரம் ஏற்றினால் வண்டி கொதிக்கும். பாகம் சுலபமாகக் கிடைக்காத காலத்தில் கழற்றி ஓட்டினார்கள், சரி. இன்றைக்கு அதற்குக் காரணமே இல்லை.

கெட்டுவிட்டதா என்று கையாலேயே பார்க்கலாம். காலையில், ஆறிய வண்டியை ஸ்டார்ட் செய்து ரேடியேட்டரின் மேல் ஓஸைத் தொட்டுப் பாருங்கள். ஃபேன் திடீரென்று ஓடும், கையை அதன் பக்கம் கொண்டுபோகாதீர்கள். சில நிமிடம் ஓஸ் குளிர்ந்தே இருந்து, பிறகு சட்டென்று சூடானால் தெர்மோஸ்டாட் நன்றாக இருக்கிறது. முதலிலிருந்தே மெதுவாகச் சூடேறினால் அது திறந்தபடி சிக்கியிருக்கிறது. முள் சிவப்பைத் தொட்டும் ஓஸ் குளிர்ந்தே இருந்தால் மூடியபடி சிக்கியிருக்கலாம், வண்டியை உடனே நிறுத்துங்கள். சில வண்டிகளில் தெர்மோஸ்டாட் கீழ் ஓஸ் பக்கம் இருக்கும், அங்கே தொட்டுப் பார்க்க வேண்டும். நிற்கும்போது மட்டும் கொதித்து, ஓடும்போது அடங்கினால் ஃபேனைச் சந்தேகியுங்கள். ஓட ஓட ஏறினால் ரேடியேட்டர் அடைப்பு, வாட்டர் பம்ப். அறுவடைக் காலத்தில் பதரும் வைக்கோல் தூசியும் ரேடியேட்டர் முகத்தில் அப்பிக்கொள்வதும் உண்டு. அதற்குத் தண்ணீர் பீய்ச்சினாலே போதும்.

அடுத்தது ஒழுகல். "தண்ணி ஆவியாப் போயிருக்கும்ணே" என்பார்கள். நெய்வேலி அனல்மின் நிலையத்துக் கூலிங் டவரில் தண்ணீர் ஆவியாகப் போவதுதான் ஏற்பாடு. போன தண்ணீரை அங்கே ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். கார் அப்படியல்ல, மூடிய சுற்று. வாராவாரம் ஊற்ற வேண்டியிருந்தால் எங்கோ போகிறது என்று அர்த்தம்.

வண்டிக்கடியில் ஈரம் கண்டால் விரலால் தொட்டுப் பாருங்கள். நிறமும் வாடையும் பிசுபிசுப்பும் இல்லையென்றால் ஏசி தண்ணீர், விட்டுவிடுங்கள். பச்சையோ சிவப்போ நிறமும் பிசுபிசுப்பும் இருந்தால் கூலன்ட். அது விஷம். இனிப்பாக இருப்பதால் ஆடும் நாயும் நக்கும், உடனே கழுவிவிடுங்கள். ஓஸ் கிளிப், வாட்டர் பம்பின் அடித்துளை, ரேடியேட்டரின் பிளாஸ்டிக் தொட்டி சேரும் இடம் எல்லாம் பாருங்கள். சொட்டு காய்ந்த இடத்தில் உப்புப் பூத்த மாதிரி தடம் இருக்கும். ரேடியேட்டர் மூடியையும் மறக்காதீர்கள். 0.9 என்று எண் போட்ட மூடி தன் அழுத்தத்தைத் தாங்கினால் வெறும் தண்ணீர்கூட 118 டிகிரி அளவில்தான் கொதிக்கும். ரப்பர் செத்த மூடியில் அதற்கு வெகு முன்பே பொங்கி வழியும். எதுவானாலும் சூட்டோடு மூடியைத் திறக்காதீர்கள், முகம் வெந்துவிடும்.

வெளியே சொட்டே இல்லாமல் தண்ணீர் குறைவதுதான் எனக்குப் பயம். ஆயில் மூடிக்கடியில் பால் கலந்த மாதிரி நுரை, சூடேறிய பிறகும் நிற்காத வெள்ளைப் புகை, கூலன்ட் டப்பாவில் விடாமல் குமிழி: இவற்றில் ஒன்று தெரிந்தாலும் ஹெட் கேஸ்கட் போயிருக்க வாய்ப்பு அதிகம். 'ஊர் போய்ச் சேர்ந்துவிடலாம்' என்று ஓட்டினால் சிலிண்டர் ஹெட்டே வளைந்துவிடும். டோ பண்ணிக் கொண்டுபோங்கள்.

போர் தண்ணியை ஊற்றாதீர்கள், உப்புப் படிந்து ரேடியேட்டரை அடைக்கும். தண்ணீர் கலந்தே வரும் கூலன்ட்டை அப்படியே ஊற்றலாம். கெட்டியாக வாங்கினால் டிஸ்டில்டு வாட்டரில் பாதிக்குப் பாதி கலக்குங்கள். தெர்மோஸ்டாட் வாங்கும்போது, கம்பெனி அந்த வண்டிக்குச் சொன்ன டிகிரியையே கேட்டு வாங்கி, சீலையும் புதிதாகப் போடச் சொல்லுங்கள்.