பெயர் தெரியாத மாத்திரைகள்

தாளடி நடவும் வடகிழக்குப் பருவமழையும் ஒன்றுசேரும் ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் மயிலாடுதுறை வட்டார மருந்துக் கடைகளில் ஒரே கோரிக்கை திரும்பத் திரும்ப ஒலிக்கும்: "காய்ச்சலும் உடம்பு வலியுமா இருக்கு, ரெண்டு வேளைக்கு மாத்திரை குடுங்க." மருந்தாளுநராகப் பணியாற்றிய காலத்தில் இதை நான் எண்ணற்ற முறை கேட்டிருக்கிறேன். மறுநாள் வயலில் இறங்காவிட்டால் கூலி இல்லை என்பதால், மருத்துவமனை வரிசையில் நிற்க அவர்களால் இயலுவதில்லை.

பல இடங்களில் அவர்களுக்குக் கிடைப்பது, அட்டையிலிருந்து கத்தரித்துக் காகித உறையில் போட்ட நான்கு மாத்திரைகள். ஒன்று ஆன்டிபயாடிக் எனப்படும் நுண்ணுயிர்க்கொல்லி, ஒன்று வலிநிவாரணி, மற்றவை சளிக்கும் வயிற்றெரிச்சலுக்கும். கத்தரித்த துண்டில் பெயர் இருப்பதில்லை. ஆபத்து அங்கிருந்துதான் தொடங்குகிறது.

நுண்ணுயிர்க்கொல்லியுடன் வலிநிவாரணியைச் சேர்த்து உண்ணலாமா? வலிநிவாரணி பாராசிட்டமால் என்றால், பெரும்பாலோர் உண்ணலாம். அமாக்சிசிலின், அசித்ரோமைசின், டாக்ஸிசைக்ளின் ஆகியவற்றுடன் அது பொதுவாக முரண்படுவதில்லை. ஆனால், நல்ல உடல்நலமுள்ள பெரியவருக்கும் நாளொன்றுக்கு 4 கிராம், அதாவது 500 மில்லிகிராம் மாத்திரை எட்டு என்பதே உச்சவரம்பு. கல்லீரல் நோயாளிகள், மது அருந்துவோர், உடல் எடை குறைந்தோருக்கு அளவு இன்னும் குறைய வேண்டும். பல சளி மாத்திரைகளிலும், அசிக்ளோஃபெனாக் கலந்த வலி மாத்திரைகளிலும் பாராசிட்டமால் உண்டு. பெயர் தெரியாதவர் ஒரே மருந்தை மூன்று வடிவங்களில் விழுங்கிவிடக்கூடும்.

டைக்ளோஃபெனாக், அசிக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபென் ஆகியவற்றின் கதை வேறு. உடலில் நீர்ச்சத்து குறையும்போது சிறுநீரகத்துக்குச் செல்லும் ரத்த ஓட்டத்தைக் காக்கும் வேதிப்பொருள்களை இவை தடுக்கின்றன. காய்ச்சலோடு வெயிலில் வேலை செய்தவருக்கு இதுவே பெரும் சுமை. ஜென்டாமைசின், அமிகாசின் ஊசிகள் சேர்ந்தால் சிறுநீரகப் பாதிப்புக்கான வாய்ப்பு கூடும். எனாலாபிரில் போன்ற ரத்த அழுத்த மாத்திரையும் சிறுநீர் பெருக்கும் மாத்திரையும் உண்பவருக்கும் அப்படியே. 2021-இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தால் ரத்த அழுத்த மாத்திரைகள் இன்று வீடு தேடி வருகின்றன; ஆகவே இந்த எச்சரிக்கை பல வீடுகளுக்குப் பொருந்தும். சிப்ரோஃபிளாக்சசின், ஆஃப்லாக்சசின் ஆகியவற்றுடன் இத்தகைய வலிநிவாரணிகள் சேரும்போது, வலிப்பு நோய் உள்ளவர்களுக்கு வலிப்பு வரும் வாய்ப்பு அதிகரிக்கலாம்.

வலி மாத்திரையால் எரியும் வயிற்றுக்கு ஆன்டாசிட் திரவம் குடிப்பதும் வழக்கம். அதிலுள்ள அலுமினியமும் மக்னீசியமும் சிப்ரோஃபிளாக்சசின், டாக்ஸிசைக்ளின் ஆகியவற்றோடு பிணைந்து, அவை உடலில் சேராமல் தடுக்கும். இடையே சில மணி நேர இடைவெளி தேவை. டாக்ஸிசைக்ளினை ஒரு குவளை நீருடன் விழுங்கி, உடனே படுக்காமல் இருக்க வேண்டும். அது வெயிலில் தோலை எளிதில் புண்படுத்தும் என்பதையும் வயலில் நிற்பவர் அறிய வேண்டும்.

மழைக்காலக் காய்ச்சல் டெங்குவாக இருந்தால் நுண்ணுயிர்க்கொல்லியால் பயனில்லை. டைக்ளோஃபெனாக் வகை மருந்துகள் ரத்தக்கசிவை மோசமாக்கலாம். எலிக்காய்ச்சலாக இருந்தால், டாக்ஸிசைக்ளின் போன்ற மருந்துகள் பலன் தரும். ஆனால் அந்நோயே சிறுநீரகத்தைத் தாக்கக்கூடியது. எலியின் சிறுநீர் கலந்த வயல்நீர் காலிலுள்ள வெடிப்பு வழியே அதைப் பரப்புகிறது. எந்தக் காய்ச்சல் என்று தெரியும்வரை பாராசிட்டமாலே போதும். சிறுநீர் குறைதல், கண் மஞ்சளாதல், மலம் கறுத்தல், மூச்சுத்திணறல், உடலெங்கும் தடிப்பு ஆகியவற்றில் எது தோன்றினாலும் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

சட்டம் இல்லாமல் இல்லை. 2014 மார்ச் 1 முதல் நடைமுறையில் உள்ள எச்-1 அட்டவணைப்படி, குறிப்பிட்ட நுண்ணுயிர்க்கொல்லிகளை மருத்துவர் சீட்டின் பேரில் மட்டுமே விற்க வேண்டும். மருத்துவர், நோயாளி, மருந்து விவரங்களைப் பதிவேட்டில் எழுதி மூன்று ஆண்டுகள் பாதுகாக்க வேண்டும். காகித உறையில் போகும் மாத்திரைகளுக்கு அந்தப் பதிவேட்டில் இடமில்லை.

வாங்குபவர் மூன்று செய்திகளைச் சொல்லட்டும்: தாம் ஏற்கெனவே உண்ணும் மருந்துகள், தமக்குள்ள நோய்கள், முன்பு ஒவ்வாத மருந்து. கொடுப்பவர் உறையின் மேல் ஒவ்வொரு மாத்திரையின் பெயரையும் அளவையும் தமிழில் எழுதட்டும். அதற்கு அரை நிமிடம் போதும். நாளை அவசரமாகப் பார்க்கும் மருத்துவருக்கு அந்த உறைதான் முதல் தகவல்.