சமயத் தலைவர்களின் மேடைப் பேச்சும் எளிய கிறித்தவர்களின் பொதுப் பிம்பமும்

ஓர் ஆயரோ, பங்குத்தந்தையோ, போதகரோ பொதுமேடையில் சொல்லும் கருத்து, அதே சமயத்தைச் சேர்ந்த ஆனால் அக்கருத்தோடு தொடர்பே இல்லாத மக்களின் மீதும் ஏற்றப்படுவது பல நாடுகளில் காணப்படும் சமூக நிகழ்வு ஆகும். தேனி மாவட்டத்தின் போடிநாயக்கனூரும், அதற்கு மேலே கேரளத்தின் இடுக்கி மாவட்டத்தில் விரிந்துள்ள ஏலமலைச் சரிவுகளும் இதைப் புரிந்துகொள்ள ஏற்ற இடங்கள். சில கிலோமீட்டர் தொலைவுக்குள் ஒரு பக்கம் கிறித்தவர்கள் அரசியல் வலிமை கொண்ட பெருந்திரளாகவும், மறுபக்கம் மிகச் சிறு எண்ணிக்கையினராகவும் வாழ்கின்றனர்.

பின்னணி

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இடுக்கி மாவட்ட மக்களில் 43 விழுக்காட்டினர் கிறித்தவர்கள். தேனி மாவட்டத்தில் அவர்கள் ஏறத்தாழ 3 விழுக்காடு. தமிழ்நாடு முழுவதிலும் 6.12 விழுக்காடு. ஏலக்காய் ஏலம் போடியிலும் இடுக்கியின் புற்றடியிலும் நடக்கிறது. போடியிலிருந்தும் சுற்றுவட்டார ஊர்களிலிருந்தும் தொழிலாளர்கள் போடிமெட்டு வழியாக ஜீப்பில் ஏறி, பூப்பாறை, சாந்தன்பாறை, உடும்பன்சோலைப் பகுதித் தோட்டங்களுக்குக் களை எடுக்கவும் காய் எடுக்கவும் செல்கின்றனர்.

இரு பக்கக் கிறித்தவர்களும் ஒரே வகையினர் அல்லர். இடுக்கிக் கத்தோலிக்கரில் பெரும்பாலோர் திருவிதாங்கூரின் சமவெளிகளிலிருந்து குடியேறிய உழவர் குடும்பங்களின் வழிவந்த சீரோ மலபார் சபையினர். போடிப் பகுதியின் கத்தோலிக்கர் மதுரை உயர்மறைமாவட்டத்தையும், தென்னிந்தியத் திருச்சபையினர் மதுரை-இராமநாதபுரம் திருமண்டலத்தையும் சேர்ந்தவர்கள். பெந்தெகொஸ்து சபைகள் இவற்றுக்குப் புறம்பானவை. ஆகவே இடுக்கி ஆயரின் சொல் போடியில் உள்ள ஒரு கிறித்தவத் தொழிலாளியைச் சமய முறைப்படி எவ்வகையிலும் கட்டுப்படுத்தாது. வெளியிலிருந்து பார்ப்பவருக்கோ இவர்கள் அனைவரும் "கிறித்தவர்கள்" என்ற ஒரே சொல்லுக்குள் அடங்கிவிடுகின்றனர்.

இடுக்கி நிகழ்வுகள்

மேற்குத் தொடர்ச்சி மலைப் பாதுகாப்புக்காக மாதவ் காட்கில் குழு 2011இலும், கஸ்தூரிரங்கன் குழு 2013இலும் அறிக்கை அளித்தன. இரண்டாம் அறிக்கை கேரளத்தில் 123 கிராமங்களைச் சூழலியல் கூருணர்வுப் பகுதிகளாக அடையாளம் காட்டியது. மாவட்ட வாரியாகப் பார்த்தால் இடுக்கியிலேயே அவை மிகுதி. நிலமும் பிழைப்பும் பறிபோகும் என்ற அச்சம் உழவர்களிடையே பரவியது. இடுக்கி மறைமாவட்டத்தின் முதல் ஆயர் மேத்யூ ஆனிக்குழிக்காட்டிலும் பல குருக்களும் எதிர்ப்பை வெளிப்படையாக ஆதரித்தனர். காட்கில் அறிக்கையை ஆதரித்த அப்போதைய மக்களவை உறுப்பினர் பி.டி. தாமசுக்கு எதிராக, உயிரோடு இருந்தவருக்குச் சவ ஊர்வலம் நடத்தப்பட்டது. 2014 தேர்தலில் அவருக்குக் காங்கிரசு மீண்டும் வாய்ப்பளிக்கவில்லை. போராட்டக் குழுவின் வழக்கறிஞர் ஜாய்ஸ் ஜார்ஜ் இடது முன்னணி ஆதரவுடன் வென்றார்.

மலைக் கிறித்தவர் என்றாலே காட்டுக்கு எதிரானவர் என்ற எண்ணம் வெளியே வலுப்பட இது காரணமாயிற்று. ஆனால் சவ ஊர்வலத்துக்கு ஆளான தாமசும் இடுக்கி மலையில் பிறந்த கத்தோலிக்கரே என்பதைப் பலர் நினைவில் கொள்ளவில்லை. 2021 டிசம்பரில் அவர் இறந்தபோது, அவர் விருப்பப்படியே சமயச் சடங்கு இன்றி எரியூட்டப்பட்டார்.

2015இல் அதே ஆயர், கத்தோலிக்கப் பெண்கள் பிற சமூகத்தாரைக் காதலித்துச் செல்வது பற்றிக் கூறிய கருத்து முஸ்லிம்களையும் ஈழவர்களையும் புண்படுத்தியதாக எதிர்ப்பு எழுந்தது. பின்னர் அவர் வருத்தம் தெரிவித்தார். 2024 ஏப்ரலில் இடுக்கி மறைமாவட்டம் "தி கேரளா ஸ்டோரி" படத்தை மாணவர்களுக்குத் திரையிட்டது. அதற்கு மறுமொழியாக எறணாகுளம் பகுதியில் ஒரு பங்கு ஆலயம் மணிப்பூர் வன்முறை பற்றிய ஆவணப்படத்தைத் திரையிட்டது. ஒரே சபைக்குள்ளேயே கருத்து இரண்டாகப் பிரிந்திருந்ததை இது காட்டியது.

தமிழ்நாட்டு நிகழ்வுகள்

நாலுமாவடியைச் சேர்ந்த போதகர் மோகன் சி. லாசரஸ் கோயில்களைப் பற்றிப் பேசிய காணொளி 2018இல் பரவியதை அடுத்துப் பல ஊர்களில் அவர்மீது வழக்குகள் பதிவாயின. அவர் வருத்தம் தெரிவித்ததைக் கருத்திற்கொண்டு சென்னை உயர்நீதிமன்றம் 2021இல் வழக்குகளை நீக்கியது.

2021 ஜூலை 18 அன்று கன்னியாகுமரி மாவட்டம் அருமனையில், காவலில் இருந்தபோது உயிரிழந்த இயேசு சபைத் துறவி ஸ்டான் சுவாமிக்கு அஞ்சலிக் கூட்டம் நடந்தது. அதில் அருட்தந்தை ஜார்ஜ் பொன்னையா பேசிய பேச்சு அவரது கைதுக்கு இட்டுச் சென்றது. 2022 ஜனவரியில் உயர்நீதிமன்றம் அவர்மீதான சில பிரிவுகளை மட்டும் நீக்கி, மத உணர்வைப் புண்படுத்தல் உள்ளிட்ட பிரிவுகளை நீக்க மறுத்தது. பழங்குடியினருக்காக உழைத்த ஒருவரை நினைவுகூரக் கூடிய கூட்டம், அவரைப் பற்றியதாக அல்லாமல் ஒரு பேச்சைப் பற்றியதாகவே மக்கள் நினைவில் நின்றது.

பழி பரவும் விதம்

தன் குழுவில் உள்ளவர்களைத் தனித்தனி மனிதர்களாகப் பார்ப்பதும், பிற குழுவினரை ஒரே அச்சில் வார்த்தவர்களாகப் பார்ப்பதும் மனித இயல்பு எனச் சமூக உளவியல் கூறுகிறது. தலைவருக்கு ஒலிபெருக்கியும் செய்தியாளரும் உண்டு. தோட்டத் தொழிலாளிக்கு இல்லை. அவர் கருத்து என்ன என்று யாரும் கேட்பதில்லை. கடுமையான பத்து நொடிப் பேச்சு வெட்டி எடுக்கப்பட்டுக் கைப்பேசிகளில் பரவும் வேகம், பின்னர் வரும் வருத்தக் கடிதத்துக்கு இருப்பதில்லை.

எண்ணிக்கையும் இங்கே முக்கியம். இடுக்கியில் கிறித்தவ அண்டை வீட்டாரை அன்றாடம் காணும் ஒருவருக்கு ஆயரின் பேச்சு பல அறிமுகங்களில் ஒன்று மட்டுமே. கிறித்தவர் குறைந்த ஊரில் அந்தப் பேச்சே முதல் அறிமுகமாகிவிடலாம்.

விளைவு வறியவர்மீதே மிகுதியாக விழுகிறது. 1950ஆம் ஆண்டின் பட்டியல் சாதியினர் ஆணையின்படி கிறித்தவத்துக்கு மாறிய தலித்துகள் பட்டியல் சாதித் தகுதியை இழக்கின்றனர். தமிழ்நாட்டில் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் இடம்பெறுகின்றனர். சபைகள் செல்வமும் செல்வாக்கும் உடையவை என்ற பிம்பம், சலுகையும் நிலமும் இல்லாத இவர்கள்மீதும் ஒட்டிக்கொள்கிறது.

இது கிறித்தவருக்கு மட்டும் உரியதன்று. ஒரு மௌலவியின் பேச்சுக்கு முஸ்லிம் கடைக்காரரும், ஒரு மடாதிபதியின் பேச்சுக்கு வெளிநாட்டில் வாழும் இந்துவும் விளக்கம் சொல்ல நேர்வது உண்டு.

உள்ளிருந்து விலகுதல்

பிம்பம் வெளியாரை மட்டுமன்றிச் சபையினரையும் பாதிக்கிறது. அமெரிக்காவில் 1990களில் சமயம் எதையும் சாராதவர் விழுக்காடு 7இலிருந்து 14ஆக உயர்ந்தது. கிறித்தவ வலதுசாரி அரசியல்மீது எழுந்த வெறுப்பு இதற்கு ஒரு காரணம் என்று சமூகவியலாளர்கள் மைக்கேல் ஹவுட், கிளாட் ஃபிஷர் ஆகியோர் 2002இல் வாதிட்டனர். கடவுள் நம்பிக்கையை விட்டவர்களைக் காட்டிலும், நம்பிக்கையை வைத்துக்கொண்டே சபையின் பெயரை விட்டவர்களே இவர்களில் மிகுதி என்பது அவர்கள் முடிவு.

மௌனமே தீர்வா?

தலைவர்கள் பேசாதிருப்பதும் தீர்வாகாது. தென்னாப்பிரிக்காவில் பேராயர் டெஸ்மண்ட் டுட்டு இனவெறிக்கு எதிராக உரக்கப் பேசியது கிறித்தவர்களின் மதிப்பை உயர்த்தியது. ஆகவே உரத்த பேச்சு தன்னளவில் கேடன்று. அது வலியவருக்கு எதிராக எழுகிறதா, அடுத்த வீட்டாருக்கு எதிராக எழுகிறதா என்பதே வேறுபாட்டை உண்டாக்குகிறது.

தலைவர் தம் சொந்தக் கருத்தையும் சபையின் நிலைப்பாட்டையும் பிரித்துச் சொல்வது, தவறியபோது தாமதமின்றி வருந்துவது, மாற்றுக் கருத்துடைய சபையினரும் பேச இடம் தருவது ஆகியவை பழியைக் குறைக்கும். கேட்பவர் பக்கமும் ஒரு பொறுப்பு உண்டு. ஒரு பேச்சைக் கண்டிக்கும்போது, பேசியவரோடு நிறுத்திக்கொள்வதே அது. மேடையில் நின்றவர் மறுநாள் தம் இல்லத்துக்குத் திரும்பிவிடுவார். போடிமெட்டுக்கு ஏறும் ஜீப்பில், பிற சமயத்தாரோடு தோள் உரச அமர்ந்து வேலைக்குப் போக வேண்டியவர் அந்தத் தொழிலாளியே.