கட்டைக் குரலையும் பாட வைத்த வாத்தியார்!

எம்.பி.சீனிவாசன் போன பிறகும் ஓயாத சேர்ந்திசை

மரக்காணம் என்றதும் எல்லோருக்கும் ஞாபகம் வருவது உப்பு.

சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாகப் புதுச்சேரிக்கு பஸ்சில் போகிறவர்கள் ஜன்னல் வழியே பார்த்திருப்பார்கள். பாத்தி பாத்தியாக உப்பளம். வெள்ளை வெளேரென்று உப்புக் குவியல்.

ஆனால் இந்தக் கரைக்குப் பாட்டும் சொந்தம்!

சங்க நூல்களில் ஒன்று "சிறுபாணாற்றுப்படை". யாழ் மீட்டிப் பாடும் பாணனுக்கு வழி சொல்லும் நூல் அது. உப்பு விற்கப் போகும் உமணர்களின் மாட்டு வண்டிகளும் அதில் வருகின்றன. அந்த நூல் சொல்லும் எயிற்பட்டினம் என்ற கடற்கரை ஊர் இன்றைய மரக்காணம்தான் என்பது அறிஞர்கள் பலருடைய கருத்து.

வலை இழுக்க ஒரு பாட்டு

சோழமண்டலக் கரை மீனவர்களிடம் "அம்பா" என்ற பாட்டு உண்டு. கரைவலை இழுக்கும்போது ஒருவர் முன்பாட்டு எடுப்பார். மற்றவர்கள் பின்பாட்டுச் சொல்வார்கள். பாட்டின் தாளத்துக்கு அத்தனை கைகளும் ஒரே நேரத்தில் கயிற்றைப் பிடித்து இழுக்கும். பாட்டு நின்றால் கை பிசகும், வலை கனக்கும்.

இதை யாரும் பள்ளிக்கூடம் வைத்துச் சொல்லிக் கொடுக்கவில்லை. அப்பனுக்குப் பின்னால் நின்று கயிறு பிடித்த பையனுக்குத் தானாக வந்தது.

பிறகு மோட்டார் படகு வந்தது. கயிறு இழுக்கும் கைகள் குறைந்தன. பாட்டும் குறைந்தது. வேலையோடு வந்த பாட்டு வேலையோடு போகத்தானே செய்யும்!

அப்படியானால் சாதாரண ஜனங்கள் கூடிப் பாடும் பழக்கம் நிலைக்க என்ன வழி? சொல்லிக் கொடுக்க வாத்தியார் வேண்டும். அந்த வேலையைச் சென்னையில் செய்து காட்டியவர்தான் எம்.பி.சீனிவாசன்.

யார் இவர்?

முழுப் பெயர் மானாமதுரை பாலகிருஷ்ணன் சீனிவாசன். 19-9-1925 அன்று சித்தூரில் பிறந்தவர். மாணவப் பருவத்திலேயே கம்யூனிஸ்டு இயக்கத்தில் ஈடுபட்டார். சுதந்திரப் போராட்ட வீரர் சைபுதீன் கிச்சலுவின் மகள் ஜாகிதாவைக் கலப்புத் திருமணம் செய்துகொண்டார்.

சினிமா ரசிகர்களுக்கு இவர் "எம்.பி.எஸ்." நிமாய் கோஷ் டைரக்ட் செய்து 1960-ல் வெளிவந்த "பாதை தெரியுது பார்" படத்துக்கு இசை இவர்தான். எழுத்தாளர் ஜெயகாந்தன் அதில் பாட்டு எழுதினார்.

இன்னொரு சேதி தெரியுமா? 1961 நவம்பர் 14-ந் தேதி ஒரு இளைஞர் "கால்பாடுகள்" என்ற மலையாளப் படத்துக்காக முதன்முதலாக மைக் முன் நின்று பாடினார். அவர்தான் கே.ஜே.யேசுதாஸ். பாட வைத்த இசையமைப்பாளர் எம்.பி.எஸ்.!

தமிழில் இவருக்குக் கிடைத்த படங்கள் கொஞ்சம்தான். மலையாளத்தில் நிறைய. அடூர் கோபாலகிருஷ்ணனின் "சுயம்வரம்" (1972), "எலிப்பத்தாயம்" (1981) ஆகியவற்றுக்கும் இவரே இசை. சினிமாவில் வாத்தியம் வாசிப்பவர்களுக்குச் சங்கம் அமைக்கவும் முன்நின்றார்.

நாலு குரல், ஒரு பாட்டு

இத்தனை செய்தவர், 1970-களின் தொடக்கத்தில் "மெட்ராஸ் யூத் கொயர்" என்ற சேர்ந்திசைக் குழுவை ஆரம்பித்தார்.

கூடிப் பாடுவது நமக்குப் புதிதா? இல்லை. பஜனை உண்டு, கும்மி உண்டு. ஆனால் அதில் எல்லோரும் ஒரே மெட்டையே பாடுவார்கள். சர்ச் கொயரில்தான் ஒரே பாட்டை நாலு குரலாகப் பிரித்துப் பாடும் முறை இருந்தது. எம்.பி.எஸ். அந்த முறையில் பாரதியார் பாடல்களையும் நாட்டுப்புறப் பாடல்களையும் அமைத்தார். பல இந்திய மொழிப் பாடல்களைத் தமிழ்ப் பிள்ளைகள் வாயில் வரவைத்தார்.

கேட்கச் சுலபம், செய்வது கஷ்டம். நம் ராகங்களில் இல்லாத ஒரு சுரம் நடுவில் நுழைந்தாலும் மெட்டின் முகமே மாறிவிடும். ராகமும் கெடக்கூடாது, நாலு குரலும் தனித்தனியாகப் போக வேண்டும். கத்தி மேல் நடக்கிற வேலை!

"எனக்குப் பாட்டெல்லாம் வராதுங்க. என் குரல் கட்டை" என்று ஒதுங்குகிறவர்கள் ஆயிரம் பேர். சேர்ந்திசையில் கட்டைக் குரல்தான் அஸ்திவாரம். கீழ்க்குரல் இல்லாவிட்டால் மேல்குரல் நிற்க இடம் இல்லை. கச்சேரி வித்வான் ஆக வேண்டிய அவசியமும் இல்லை. பக்கத்தில் நிற்பவர் குரலைக் காது கொடுத்துக் கேட்க வேண்டும். தன் குரல் துருத்திக்கொண்டு வராமல் பார்த்துக்கொள்ள வேண்டும். பாடம் அவ்வளவுதான். ஆபீசிலும் வீட்டிலும்கூட இதுதானே வரமாட்டேன் என்கிறது!

கடைசி மூச்சும் கடற்கரையில்

9-3-1988 அன்று எம்.பி.எஸ். லட்சத்தீவில் காலமானார். வயது 62. அங்கே அவர் போனது சேர்ந்திசைப் பயிற்சி கொடுக்க.

வாத்தியார் போனால் குழுவும் கலையும் என்பது ஊர் வழக்கம். இங்கே அப்படி நடக்கவில்லை. அவரிடம் பயின்றவர்களே சென்னைக் குழுவை எடுத்து நடத்தினார்கள். திருவனந்தபுரத்தில் "எம்.பி.எஸ். யூத் கொயர்" என்று அவர் பெயரிலேயே ஒரு குழு பாடியது. காரணம், தன்னை நம்பிப் பாடச் சொல்லாமல் பக்கத்தில் இருப்பவனை நம்பிப் பாடச் சொல்லிக் கொடுத்தார். வாத்தியார் இல்லாத நாளிலும் பக்கத்து ஆள் இருப்பான் அல்லவா?

மரக்காணத்துப் பக்கம் வலைப் பாட்டு தெரிந்த பெரியவர்கள் இருந்தால், பள்ளிக்கூட வாத்தியார் ஒருவர் அவர்களைக் கூப்பிட்டுப் பிள்ளைகள் முன் பாடச் சொல்லலாம். முன்பாட்டுக்கு ஒரு பிள்ளை, பின்பாட்டுக்கு மீதிப் பேர். கொஞ்சம் பழகியதும் குரலைப் பிரிக்கலாம். ஆர்மோனியம் வேண்டாம், மைக் வேண்டாம், பணமும் வேண்டாம். சாயந்திரம் ஒரு மணி நேரம் போதும்.