உரிமையை அடகு வைக்க முடியுமா?



"மனித உரிமை, மனித உரிமைன்னு சொல்றீங்களே, அதை யார் குடுத்தது?" குழுக் கூட்டங்களில் நம்மிடம் அடிக்கடி வரும் கேள்வி இது. நல்ல கேள்விதான்.

குழுவுக்கு வரும் கடனும் மானியமும் வங்கியும் அரசும் கொடுப்பவை. கொடுத்தவர்கள் நிறுத்தவும் செய்யலாம். மனித உரிமை அப்படி அல்ல. அதை யாரும் கொடுக்கவில்லை. மனுஷியாகப் பிறந்ததாலேயே நம்மோடு இருப்பது அது. 1600-களில் இங்கிலாந்தில் வாழ்ந்த ஜான் லாக் என்ற அறிஞர் இதைத்தான் சொன்னார்: உயிரும் சுதந்திரமும் ராஜா போட்ட பிச்சை இல்லை, அவற்றைக் காப்பாற்றத்தான் அரசாங்கமே இருக்கிறது.

1785-ல் ஜெர்மனி அறிஞர் காண்ட் இன்னொரு காரணம் சொன்னார். பொருளுக்கு விலை உண்டு. மனிதருக்கு இருப்பது விலை அல்ல, மாண்பு. நம் மரக்காணம் பக்கம் உப்பு மூட்டைக்கு விலை பேசலாம். உப்பு வாருகிற வேலைக்குக் கூலி பேசலாம். வாருகிற பெண்ணுக்கு விலை பேச முடியுமா?

இவற்றைப் பறிக்க முடியாத உரிமைகள் என்று சொல்வது இதனால்தான். நகையை அடகு வைக்கலாம், நிலத்தை விற்கலாம். சுதந்திரத்தை நாமே நினைத்தாலும் விற்க முடியாது. முன்பணம் வாங்கிக்கிட்டு, "கடன் தீரும்வரை வேறு எங்கும் போகமாட்டேன்" என்று கைநாட்டு வைத்திருந்தாலும், 1976-ஆம் ஆண்டு கொத்தடிமை ஒழிப்புச் சட்டப்படி அது செல்லாது.

சரி, குடியுரிமையே இல்லாதவர்களுக்கு? கீழ்புத்துப்பட்டு முகாமில் வாழும் இலங்கைத் தமிழ்ச் சகோதரிகளை நினைத்துப் பாருங்கள். குடியுரிமையை ஒரு சட்டம் பறித்துவிடலாம். 1948-ல் இலங்கையில் வந்த சட்டத்தால் லட்சக்கணக்கான மலையகத் தமிழர்கள் நாடற்றவர்கள் ஆனார்கள். மனிதர் என்பதை எந்தச் சட்டமும் பறிக்க முடியாது. அதே 1948 டிசம்பர் 10-ல் ஐ.நா. சபை மனித உரிமைப் பிரகடனத்தை ஏற்றது. அதில் ஆண்களை மட்டும் குறிப்பதுபோல் இருந்த சொல்லை, 'மனிதர் அனைவரும்' என்று மாற்ற வைத்தவர் நம் நாட்டுப் பெண் ஹன்சா மேத்தா.

நம் அரசியல் சட்டத்தில் ஓட்டுரிமை குடிமக்களுக்கு மட்டும்தான். ஆனால் சட்டத்தின் முன் எல்லோரும் சமம் என்னும் 14-வது பிரிவும், உயிரையும் சுதந்திரத்தையும் காக்கும் 21-வது பிரிவும் எந்த நபருக்கும் உண்டு. அருணாசலப் பிரதேசத்தில் தஞ்சம் புகுந்த சக்மா மக்களை விரட்டப் பார்த்தபோது, 1996-ல் உச்ச நீதிமன்றம் இதைச் சொல்லித்தான் அவர்களைக் காக்கும்படி உத்தரவிட்டது.

"அப்புறம் ஏன் தினமும் உரிமை பறிபோகுது?" என்று கேட்பீர்கள். நகை திருடு போனாலும் அது நம்முடையதுதானே? கேட்டு வாங்க வேண்டும், அவ்வளவுதான். வழக்கு நடத்தப் பெண்களுக்கு வருமான வரம்பு இல்லாமல் இலவச வக்கீல் உதவி உண்டு. விழுப்புரம் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம்.

அடுத்த குழுக் கூட்டத்தில் பேசிப் பாருங்கள்: சலுகை என்று நினைத்து நாம் கெஞ்சிக் கேட்பவற்றில் எவையெல்லாம் நம் உரிமை?