பழைய 'ஜாஸ்' கிதார் வாங்கப் போறீங்களா? உஷார்!

கொடைக்கானல் மலைச்சரிவில் வெள்ளகவி என்று ஒரு சிற்றூர். ஊருக்குள் செருப்புப் போட மாட்டார்கள். சாமி இருக்கிற மண் என்று அவ்வளவு பயபக்தி! 1821-ல் வார்டு என்ற வெள்ளைக்கார லெப்டினன்ட் நில அளவைக்காக இந்த ஊரில் முகாம் போட்டு, இங்கிருந்துதான் கொடைக்கானலுக்கு ஏறினார். நெடுங்காலம் இந்த ஊருக்கு அரிசி, உப்பு எல்லாமே தலைச்சுமை, குதிரைச்சுமைதான்.

கொடைக்கானலில் மேல்நாட்டு இசைக்குப் பஞ்சம் இல்லை. 1901-ல் ஆரம்பித்த சர்வதேசப் பள்ளியே அங்குதான் இருக்கிறது. அங்கே யாரோ ஒருவர் பழைய ஜாஸ் கிதாரை விலைக்குத் தருகிறார்; நீங்கள் வாங்கி, வெள்ளகவி வழியாகக் கும்பக்கரைக்கு இறங்குகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். மேலே பனிமூட்டம். கீழே கொளுத்தும் வெயில். அன்றைக்கு ஒன்றும் தெரியாது. சில வாரம் கழித்து மரம் காய்ந்து 'டப்' என்று விரிசல் விடும். சேர்த்து வைத்த பணம் கோவிந்தா!

ஏன் இப்படி? ஏமாறாமல் இருப்பது எப்படி?

பிடில் மாதிரி வயிறு

சாதாரண கிதாருக்கு மேற்பலகை தட்டை. நடுவில் வட்ட ஓட்டை. ஜாஸ் கிதார் அப்படி இல்லை. பிடில் மாதிரி மேடு தட்டியிருக்கும். இரண்டு பக்கமும் ஆங்கில 'எஃப்' எழுத்துப் போல ஓட்டை. இதற்கு 'ஆர்ச்டாப்' என்று பெயர். அமெரிக்காவில் ஆர்வில் கிப்சன் என்பவர் மரத்தைக் குடைந்து இப்படிச் செய்ய ஆரம்பித்தார். அவர் பெயரில் உள்ள கம்பெனி 1922-ல் 'எல்-5' என்ற மாடலைக் கொண்டுவந்தது. பேண்டு சத்தத்துக்கு நடுவிலும் கிதார் காதில் விழுந்தது!

நம் நாட்டுக்கும் இது புதிது அல்ல. பிரிஜ் பூஷண் காப்ரா இந்துஸ்தானி ராகம் வாசித்தது இந்த ரகக் கிதாரில்தான். விஸ்வமோகன் பட் இதே ரகத்தில் கூடுதல் தந்திகள் பூட்டி 'மோகன வீணை' ஆக்கினார். 1994-ல் கிராமி பரிசும் வாங்கினார்.

ஓர் எழுத்தில் மோசம்

"என்னண்ணே, ஒரிஜினல்தானா?"

"சத்தியமா ஒரிஜினல், தம்பி!"

இதை நம்பிப் பணத்தை எண்ணாதீர்கள். 'கிப்சன்' என்பது அமெரிக்கச் சரக்கு. 'கிவ்சன்' என்பது கொல்கத்தா கம்பெனி. கிவ்சனும் வாசிக்கிற கிதார்தான், தப்பில்லை. ஆனால் கிவ்சனுக்குக் கிப்சன் விலை கொடுக்கலாமா? பெயரை எழுத்துக் கூட்டிப் படியுங்கள். உள்ளே ஒட்டிய சீட்டையும் நம்பரையும் பாருங்கள்.

அடுத்து மரம். குடைந்த மரம் என்றால் விலை அதிகம். ஒட்டுப்பலகையை அழுத்தி வளைத்தது என்றால் விலை குறைவு. 'எஃப்' ஓட்டையின் விளிம்பை உற்றுப் பார்த்தால் தெரியும். அடுக்கடுக்காக வரி தெரிந்தால் ஒட்டுப்பலகை!

தட்டிப் பாருங்கள்

மண்பானை வாங்கும்போது தட்டிப் பார்ப்பது போல விரல் முட்டியால் மெதுவாகத் தட்டுங்கள். 'ஙீ' என்று நடுங்கினால் உள்ளே தாங்குகட்டை ஒட்டு விட்டிருக்கலாம். சின்னக் கண்ணாடியும் டார்ச் லைட்டும் வைத்து உள்ளே பாருங்கள்.

தலைப்பகுதி உடைந்து ஒட்டியதா என்று சுருதிச் சாவிகளுக்குப் பின்னால் தடவிப் பாருங்கள். ஒட்டியது என்றால் வாசிக்கலாம். ஆனால் விலை நன்றாகக் குறைய வேண்டும்.

கழுத்து வளைந்திருந்தால் அவசரப்படாதீர்கள். உள்ளே இரும்புக் கம்பி இருந்தால் கொஞ்சம் திருகிச் சரி செய்யலாம். கழுத்தையே கழற்றி மாட்ட வேண்டும் என்றால் செலவு கையைக் கடிக்கும். ரிப்பேர்காரரிடம் கூலி கேட்டு, அதைக் கழித்துப் பேரம் பேசுங்கள்.

குதிரை பத்திரம்!

தந்தியைத் தாங்கும் கட்டைக்குக் 'குதிரை' என்று பெயர். வெள்ளகவிக்கு மூட்டை ஏற்றிய குதிரை மாதிரி இதுவும் சுமைதாங்கிதான். ஆனால் இதை ஒட்டியிருக்க மாட்டார்கள்! தந்தி அழுத்துவதால்தான் நிற்கிறது. எல்லாத் தந்தியையும் ஒரே நேரத்தில் கழற்றினால் நகர்ந்துவிடும், சுருதி போச்சு! ஒவ்வொன்றாக மாற்றுங்கள்.

மழைக்காலத்தில் மரம் ஊதும்; வெயிலில் சுருங்கும். காற்றில் ஈரப்பதம் 45 முதல் 55 சதவீதம் இருந்தால் நல்லது. வெயிலில் நிற்கும் காரில் வைத்தால் பழைய பசை இளகும். மலையிலிருந்து இறக்கியதும் பெட்டியைத் திறக்காதீர்கள். சில மணி நேரம் அப்படியே கிடக்கட்டும்.

விற்பவர்களுக்கு

"வார்னிஷ் அடித்தால் நல்ல விலை வரும்" என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். பழைய மேற்பூச்சைச் சுரண்டினால் மதிப்பும் கூடவே போகும். மேற்பலகையை வெட்டி மின்சார 'பிக்கப்' பொருத்தினாலும் அதே கதிதான். பழைய பெட்டி, பழைய சாவி, உடைந்த துண்டு எதையும் எறியாதீர்கள். விரிசல் இருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். மறைத்தது எப்படியும் வெளியே வரும். வரும்போது சண்டையோடு வரும்.

வெள்ளகவிப் பாதையில் ஓடி இறங்குகிறவன் காலை உடைத்துக்கொள்வான். பழைய கிதாருக்கும் அதே கணக்குத்தான். நின்று, பார்த்து, காலை வையுங்கள்!