சோபோட் பாடல் விழா: மொழிபெயர்ப்பு நோக்கில்

முன்னுரை

பொதுவுடைமை ஆட்சி நிலவிய கிழக்கு ஐரோப்பாவில் மெல்லிசைப் பாடல் விழாக்கள் அரசின் ஆதரவோடு வளர்ந்தன. அவற்றுள் போலந்தின் பால்டிக் கடற்கரை நகராகிய சோபோட்டின் பெயரால் அமைந்த விழா பெரும்புகழ் பெற்றது. பன்மொழிப் பாடல்கள் ஒரே மேடையில் ஒலித்த அவ்விழாவின் எழுச்சியையும் வீழ்ச்சியையும் மொழிபெயர்ப்பு நோக்கில் இக்கட்டுரை விளக்குகிறது.

தோற்றம்

விழா 1961இல் தொடங்கியது. அதனைத் தோற்றுவித்தவர் பியானோ கலைஞர் விளாடிஸ்லாவ் ஷ்பில்மன். நாசிகளின் யூத ஒழிப்பிலிருந்து வார்சாவில் உயிர் தப்பிய இவர், போருக்குப்பின் போலந்து வானொலியின் மெல்லிசைப் பிரிவுக்குத் தலைமை ஏற்றிருந்தார். முதல் மூன்று ஆண்டுகள் விழா அண்டை நகரான க்டான்ஸ்கின் கப்பல்கட்டும் தள மண்டபத்தில் நடைபெற்றது. 1964 முதல் சோபோட்டின் காட்டுக்குள் அமைந்த திறந்தவெளி அரங்குக்கு மாறியது. மேலை நாட்டுப் பாடகர்களும் இதில் பங்கேற்றனர். வெளிநாட்டுப் பயணம் எளிதில் வாய்க்காத மக்கள் பிறநாட்டு இசையை நேரில் கேட்க இவ்விழா உதவியது.

போலிஷ் நாள்

1960களில் விழாவின் ஒரு நாள் போலிஷ் பாடல்களுக்கென ஒதுக்கப்பட்டது. அயல்நாட்டுப் பாடகர் போலிஷ் பாடலொன்றைத் தம் மொழியிலோ போலிஷிலோ பாடினர். இதனால் மெட்டுக்கேற்ற மொழிபெயர்ப்பு தேவையாயிற்று. போலிஷ் மொழியில் அசையழுத்தம் பெரும்பாலும் ஈற்றயல் அசையில் அமையும். செக், ஹங்கேரிய, ஃபின்னிஷ் மொழிகளில் அது முதலசைக்குரியது. ரஷ்ய மொழியிலோ சொல்லுக்குச் சொல் இடம் மாறும். போலிஷ் அடியின் இறுதியில் ஈரசைச் சொல் நின்றால், செக் ஈரசைச் சொல்லொன்று அவ்விடத்தில் இயல்பாகப் பொருந்தும். ஏனெனில் இரண்டிலும் அழுத்தம் ஒரே அசையில் விழும். மூவசைச் சொல்லாயின் செக்கில் அழுத்தம் ஓர் அசை முன்னே சென்றுவிடும், மெட்டு இடறும். எனவே பொருளால் மிகப் பொருத்தமான சொல்லையும் மொழிபெயர்ப்பாளர் விலக்க நேரும். தருமொழியின் பொருளோடு அதன் ஓசையமைப்பும் பெறுமொழிச் சொற்றேர்வைக் கட்டுப்படுத்துவதை இது காட்டுகிறது.

இண்டர்விஷன் காலம்

கிழக்கு நாடுகளின் தொலைக்காட்சி இணையமாகிய இண்டர்விஷனின் பாடற்போட்டி 1977 முதல் 1980 வரை சோபோட்டில் நடந்தது. செக்கோஸ்லோவாக்கியாவின் ஹெலெனா வொண்ட்ராச்கோவா, சோவியத்தின் அல்லா புகச்சோவா, போலந்தின் செஸ்வாவ் நியெமன், ஃபின்லாந்தின் மரியோன் ருங் ஆகியோர் முறையே அந்நான்கு ஆண்டுகளிலும் வென்றனர். புகச்சோவா பாடியது, எல்லாம் செய்யவல்ல அரசனும் காதலித்தவளை மணக்க இயலாமையைக் கூறும் வேடிக்கைப் பாடல். சொல்லளவில் அது பழங்கதை. ஆனால், ஆள்வோரின் ஆற்றலுக்கும் எல்லை உண்டு என்னும் குறிப்பையும் அதில் கேட்க இடமிருந்தது. சொற்பொருளை மட்டும் பெயர்த்தால் இக்குறிப்புப்பொருள் நழுவிவிடும்.

வீழ்ச்சி

1980 ஆகஸ்டு 14 அன்று க்டான்ஸ்க் கப்பல்கட்டும் தளத்தில் வேலைநிறுத்தம் தொடங்கியது. விழாவுக்கு முதன்முதல் மண்டபம் தந்த தளம் அது. அதே மாதம் சோபோட்டில் போட்டியும் நடந்தேறியது. ஆகஸ்டு 31இல் அரசு தொழிலாளரோடு உடன்பாடு செய்தது. சாலிடாரிட்டி இயக்கம் பிறந்தது. 1981 டிசம்பர் 13இல் இராணுவச் சட்டம் அறிவிக்கப்பட்டது. 1981 முதல் 1983 வரை விழா நடைபெறவில்லை. 1984இல் மீண்டும் தொடங்கியபோது இண்டர்விஷன் போட்டி அதில் இல்லை. அப்பெயரில் 2025இல் மாஸ்கோவுக்கு அருகில் ஒரு போட்டி நடத்தப்பட்டது. எனினும் அது பிறிதொரு சூழலுக்குரியது.

முடிவுரை

மேடையையும் ஒலிபரப்பையும் அரசு தன் கையில் வைத்திருந்தது. பாடலைக் கேட்போர் கொள்ளும் பொருளோ அதன் கட்டுப்பாட்டுக்குள் அடங்கவில்லை. இக்காலப் பாடல்களை மொழிபெயர்ப்போர் அசையழுத்தத்தை ஆராய்வதோடு, அப்பாடல் எந்த ஆண்டில், எவர்முன், எந்நிலையில் பாடப்பட்டது என்பதையும் அறிதல் வேண்டும்.