நின்ற பிறகே ஓட்டம்

சோழவரம் முதல் இருங்காட்டுக்கோட்டை வரை – 7

போன வாரம் என் ஸ்டாண்டர்டு ஹெரால்ட் காரின் என்ஜினைப் பற்றி எழுதியதிலிருந்து, எந்தக் கார்புரேட்டர் போட்டால் வேகம் கூடும் என்றே பலரும் கேட்கிறார்கள். அந்தக் கேள்வியைக் கொஞ்சம் தள்ளி வைக்கிறேன். டிராக் டேவுக்குப் பழைய காரைத் தயார் செய்கிறவர் கையில் இருக்கும் பணம் முதலில் பிரேக்குக்குத்தான் போக வேண்டும். அடுத்தது டயர். என்ஜின் அதற்குப் பிறகு.

டிராக் டே என்பது பந்தயம் அல்ல. முதலிடம் கிடையாது, கோப்பை கிடையாது. ஹெல்மெட்டோடு வந்து, வண்டிச் சோதனையில் தேறினால், நம் வேகத்துக்கு ஒத்தவர்களோடு கால் மணி நேரமோ இருபது நிமிடமோ சுற்றலாம். பந்தயம் இல்லை என்பதாலேயே பலர் வண்டியை வீட்டிலிருந்து அப்படியே ஓட்டிக்கொண்டு வந்துவிடுகிறார்கள். ஊர்ச் சாலையில் ஒரு நாள் முழுக்க பிடிக்கும் கடுமையான பிரேக்கை, தடத்தில் இரண்டு சுற்றிலேயே பிடித்துவிடுகிறோம். வேகம் இரண்டு மடங்கானால் பிரேக் விழுங்க வேண்டிய சூடு நான்கு மடங்கு. நாற்பதில் நிற்கிற கார் எண்பதிலும் நிற்கும் என்ற நம்பிக்கை இந்தக் கணக்கில்தான் உடைகிறது.

சோழவரத்தில் ஓட்டியவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். இரண்டாம் உலகப் போர்க்கால விமான ஓடுதளம் அது. நேர் ஓட்டம் நீளம். அதன் முடிவில் சட்டென்று ஒரு திருப்பம். 1953இல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அங்கே பல பத்தாண்டுகள் பந்தயம் நடத்தியது. பியட், அம்பாசிடர், ஹெரால்ட் என்று நம் தெருக்களில் ஓடிய கார்களே அங்கேயும் ஓடின. 1990இல் இருங்காட்டுக்கோட்டையில் 3.7 கிலோமீட்டர் தடம் திறந்த பிறகு வளைவுகள் கூடின, ஓரங்களில் இடம் கிடைத்தது. பழைய காரின் ட்ரம் பிரேக் மட்டும் அதே ட்ரம் பிரேக்தான்.

என் ஹெரால்ட் 1960களின் நடுவில் வண்டலூர் ஸ்டாண்டர்டு ஆலையிலிருந்து வந்த இரண்டு கதவு வண்டி. 948 சி.சி., நாற்பது குதிரைத்திறனைத் தொட்டும் தொடாமலும் ஒரு என்ஜின். வடிவத்தைப் போட்டவர் இத்தாலியின் ஜொவானி மிக்கெலோட்டி. மட்கார்டோடு சேர்ந்து பானெட் முழுவதும் முன்பக்கம் சாய்ந்து திறந்துவிடும். சக்கரத்தின் மேலேயே உட்கார்ந்து வேலை பார்க்கலாம். இவ்வளவு வசதியாகத் திறக்கிற காரை எனக்குத் தெரிந்து வேறு யாரும் நம்மூரில் விற்றதில்லை.

பிரேக் தளர்வதில் மூன்று விதம் உண்டு. மூன்றையும் கால் தனித்தனியாக அடையாளம் காண வேண்டும். மிதி கல் மாதிரி இருக்கிறது, ஆனால் கார் நிற்கவில்லை என்றால் லைனர் சூடேறிப் பிடிப்பை இழந்திருக்கிறது. மிதி வழக்கத்தைவிடக் கீழே போய்ப் பிடித்தால் ட்ரம் சூட்டில் விரிந்து லைனரை விட்டு விலகியிருக்கிறது. மிதி பஞ்சுபோல அமுங்கித் தரையைத் தொட்டால் பிரேக் ஆயில் கொதித்துக் குழாயில் ஆவி கட்டியிருக்கிறது. இந்த மூன்றாவதுதான் ஆளைக் கொல்வது. பிரேக் ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். டாட் 3 ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் தாங்க வேண்டும். ஈரம் ஏறியபின் 140 டிகிரிதான் அதன் அளவு. டாட் 4 என்றால் 230, 155. ஆகவே டிராக் டேவுக்கு முந்தின வாரம் பழையதை முழுக்க வெளியேற்றி, டாட் 4 ஊற்றி, நான்கு சக்கரத்திலும் ஏர் எடுத்துவிட வேண்டும். ரப்பர் ஹோஸ்களும் வீல் சிலிண்டர் ரப்பர்களும் பார்க்க நன்றாக இருந்தாலும் மாற்றிவிடுங்கள். அந்தக் கால மாஸ்டர் சிலிண்டர் நான்கு சக்கரத்துக்கும் ஒரே வழியில் தள்ளுகிறது. ஓர் இடத்தில் ஒழுகினால் மொத்தமும் போச்சு.

ட்ரம் விஷயத்தில் நான் கொடுத்துவைத்தவன். எங்கள் பொதட்டூர்பேட்டை தறி ஊர். விசைத்தறிக்குப் புஷ்ஷும் ஷாஃப்ட்டும் கடைந்து கொடுக்கும் லேத்துப் பட்டறை பக்கத்திலேயே இருக்கிறது. பட்டறைக்காரர் ட்ரம்மை மாட்டிச் சுற்றவிட்டதும் உளி ஒரு பக்கத்தில் மட்டும் உரசி, சத்தம் விட்டுவிட்டு வந்தது. ட்ரம் வட்டம் கெட்டிருக்கிறது என்று அதிலேயே தெரிந்துவிட்டது. இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று எடுத்துக்கொண்டே போனார். அறுபடாமல் ஒரே சீராகச் சத்தம் வந்ததும் லேத்தை நிறுத்தி, உள்விட்டத்தை அளந்தார்.

"இதுக்கு மேல கேக்காத தம்பி. இன்னும் ரெண்டு பாயிண்ட் எடுத்தா மெலிஞ்சுடும். அப்புறம் சூடு எங்க போய் நிக்கும்?"

"போதும்ணே. லைனர் ஒட்டி ஷூவையும் கொண்டாறேன், ட்ரம்முக்கு ஏத்த மாதிரி ஒரு பாஸ் போட்டுடுங்க."

அவர் பந்தயம் பார்த்தவர் இல்லை. ஆனால் சூட்டை வாங்கி வைத்துக்கொள்ள இரும்பு வேண்டும் என்பது அவருக்கு யாரும் சொல்லித் தராமலே தெரியும்.

ஹெரால்டில் பிரேக்குக்கு நிகராகப் பார்க்க வேண்டிய இன்னொரு இடம் முன்சக்கரத்தின் கீழ் டிரன்னியன். வெண்கலத்தில் மரை போட்ட துண்டு அது. ஸ்டியரிங்கைத் திருப்பும்போதெல்லாம் சக்கரத்தைத் தாங்கும் தண்டு அதற்குள் திரும்புகிறது. இதற்கு வைக்க வேண்டியது கியர் ஆயில். நம் ஒர்க்‌ஷாப்புகளில் மற்ற நிப்பிள்களோடு சேர்த்து இதற்கும் கிரீஸ் அடித்துவிடுவது பழக்கம். கிரீஸ் மரையின் அடிவரை போகாது; தண்ணீர் போகும். துருப்பிடித்த தண்டு ஒருநாள் முறிந்து சக்கரம் படுத்துவிடும். கழற்றி, மண்ணெண்ணெயில் கழுவி, மரையில் துருக்குழி இருக்கிறதா என்று விரல் நகத்தால் தடவிப் பாருங்கள். நகம் மாட்டினால் தண்டை மாற்றத்தான் வேண்டும்.

இனி ஓட்டம். ஹெரால்டின் பின்பக்கம் ஸ்விங் ஆக்சில். டிஃபரென்ஷியல் ஓரத்தில் மட்டும் மடங்குவதால் சக்கரம் ஏறி இறங்கும்போது சாய்மானமும் மாறுகிறது. வளைவின் நடுவில் பயந்துபோய் ஆக்சிலேட்டரை விட்டால் எடை முன்னால் பாயும், பின்பக்கம் எழும்பும், வெளிச்சக்கரம் அடியில் மடங்கி டயர் விளிம்பில் நிற்கும். அடுத்த கணம் வால் வீசிவிடும். இந்த ஆக்சில் நம்மூர் மெக்கானிக்குகளுக்கும் வாங்குகிறவர்களுக்கும் பிடிக்காமல்தான், 1972இல் வந்த கெசல் காரில் ஸ்டாண்டர்டு கம்பெனி சாதாரண ஒற்றை ஆக்சிலுக்குப் போனது. எனக்கென்னவோ அந்த ஸ்விங் ஆக்சில்தான் பெரிய வாத்தியார். இன்றைய கார் நம் தப்பை மின்னணுவால் மூடி மறைக்கிறது, இது மறைக்காது.

ஆகவே பிரேக் வேலை முழுவதும் ஸ்டியரிங் நேராக இருக்கும்போதே முடிந்துவிட வேண்டும். மூன்றாவது கியருக்கு வந்து, ஆக்சிலேட்டரில் மெல்லக் கால் வைத்த பிறகே வளைவுக்குள் நுழைய வேண்டும். உள்ளே போனபின் அந்தக் காலை அசைக்கக் கூடாது. இருங்காட்டுக்கோட்டையில் சி1 எனப்படும் முதல் வலது வளைவு வேகமானது. நேர் ஓட்டத்தின் உற்சாகத்தில் அதற்குள் போய்விட்டுப் பிறகு யோசிக்கிறவர்கள் அதிகம். ஹெரால்டுக்கு அங்கே சீக்கிரமே பிரேக் பிடித்து, காரை நிதானப்படுத்தி, இழுவையோடு சுற்றி வருவதே வேகமான வழியும்கூட. பின் டயரில் முன் டயரைவிடக் கொஞ்சம் கூடுதலாகக் காற்று இருக்கட்டும். இந்தக் கார் அப்படித்தான் கேட்கும்.

நீலக் கொடிக்கு மதிப்புக் கொடுங்கள். பின்னால் வேகமான கார் வருகிறது என்று பொருள். வளைவில் ஒதுங்க முயலாமல் நம் பாதையிலேயே போய், நேர் ஓட்டத்தில் கை காட்டி வழி விட்டால் இருவருக்கும் நல்லது. கண்ணாடி ஹெட்லைட்டுகளுக்கு முன்கூட்டியே டேப் ஒட்டுங்கள். உடைந்தால் சில்லு தடத்தில் சிதறாது.

கடைசிச் சுற்றை பிரேக் தொடாமல் மெதுவாக ஓட்டி முடியுங்கள். உள்ளே வந்து நிறுத்தியதும் கை தானாக ஹேண்ட்பிரேக்குக்குப் போகும். போடாதீர்கள். கொதிக்கிற ட்ரம் லைனரை அணைத்தபடியே ஆறினால் சுருங்கி இறுகும், வட்டம் கெடும். லேத்தில் செய்த வேலை அத்தனையும் வீண். சக்கரத்துக்குக் கல் வைத்துவிட்டு, பானெட்டைத் திறந்து, நன்றாக ஆறிய பிறகு வீல் நட்டுகளை ஒருமுறை முறுக்கிப் பாருங்கள். முதல் ஓட்டத்துக்குப் பின் ஏதாவது ஒன்று கால் திருகாவது தளர்ந்திருக்கும்.

அடுத்த வாரம் நம் மாவட்டத்துக் கார்: 1998இல் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸின் திருவள்ளூர் ஆலையிலிருந்து வெளிவந்த மிட்சுபிஷி லான்சர்.